பெரிய கணனிப் பெட்டி: வெளியில் நின்றே படிக்க ஒரு பாடம்



2020, 2021ஆம் வருடங்களில் கொரோனாவால் பாடசாலைகள் பூட்டிக் கிடந்தபோது, நம் பிள்ளைகள் சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறியதையும், ஒரு கைத்தொலைபேசியை நாலு பேர் சுற்றி நின்று படித்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்குப் பிறகுதான் லயங்களில் "பிள்ளைக்கு ஒரு கம்பியூட்டர் எடுத்துக் கொடுக்கணும்" என்ற பேச்சு வலுத்தது. சீட்டு விழுந்த காசு, தீபாவளி அட்வான்ஸ், கொழும்பில் கடையில் நிற்கும் மூத்த மகன் அனுப்பியது என்று எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு டவுனுக்குப் போகிறார்கள். கடைக்காரர் இரண்டு பழைய கணனிகளைக் காட்டுவார். ஒன்று சின்னது, சாயம் போனது. மற்றது முழங்காலுக்கு மேலே உயரமான கறுப்புப் பெட்டி, பக்கத்தில் கண்ணாடி, உள்ளே சிவப்பும் நீலமுமாக விளக்கு. "அதே விலைக்குப் பெருசு கிடைக்குதே" என்று பெரியதைத் தூக்கிக்கொண்டு வருகிறோம்.

பெரியது கெட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் பெட்டியை வாங்கும் ஆள் அதன் வெளிப்புறத்தை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கொழுந்தைக் கையில் எடுத்தவுடனேயே முற்றலா இளசா என்று நமது அக்காமார் சொல்லிவிடுகிறார்கள் அல்லவா? அதுபோலக் கணனிப் பெட்டியிலும் திறக்காமலே தெரிந்துகொள்ளக்கூடியது நிறைய இருக்கிறது. இந்த இதழில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் பெயர். நம்மில் பலர் இந்தப் பெட்டியை "சிபியு" என்கிறோம். கடைக்காரரும் அப்படித்தான் சொல்கிறார். உண்மையில் சிபியு என்பது உள்ளே இருக்கும், தீப்பெட்டி அளவே ஆன ஒரு சில்லு. அதுதான் கணக்கைப் போடுகிறது. வெளியே தெரிவது வெறும் கூடு. ஆங்கிலத்தில் கேஸ் என்பார்கள், நிமிர்ந்து நிற்பதை டவர் என்பார்கள். இந்த வித்தியாசம் தெரியாததால்தான் கூட்டின் பருமனைப் பார்த்து மூளையின் பருமனை மதிக்கிறோம்.

படுத்திருந்த பெட்டி எழுந்து நின்றது

1981 ஓகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் ஐபிஎம் கம்பனி தனது முதல் தனியாள் கணனியை வெளியிட்டபோது பெட்டி மேசையில் படுத்துத்தான் இருந்தது. அதன் முதுகில் திரையைத் தூக்கி வைப்பார்கள். மேசையில் பாதி இடம் போய்விடும். 1987இல் அதே கம்பனி பிஎஸ்/2 என்ற வரிசையில் சில பெரிய கணனிகளை நிலத்தில் நிமிர்த்தி வைக்கும் மாதிரிச் செய்தது. அதற்குப் பின் வந்த வருடங்களில் மற்றக் கம்பனிகளும் டவர் பெட்டிக்கு மாறின.

அந்தக் காலத்துப் பெட்டிகள் வெளிறிய பழுப்பு நிறம். முன்னால் ஒரு சாவித் துவாரம், "டர்போ" என்று ஒரு பட்டன், அதற்கு மேலே சிவப்பு அல்லது பச்சை எழுத்தில் 33, 66 என்று ஓர் எண் மின்னும். கணனி எவ்வளவு வேகம் ஓடுகிறது என்று அந்த எண் காட்டுவதாக எல்லோரும் நம்பினார்கள். உண்மை என்ன தெரியுமா? அந்த எண்ணுக்கும் வேகத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. எண் பலகையின் பின்னால் இருந்த சிறு முள்களில் தொப்பியை மாற்றிச் செருகினால் எந்த எண்ணையும் காட்டச் செய்யலாம். 33 ஓடும் கணனியில் 99 காட்ட ஐந்து நிமிஷம் போதும். இன்றைய வண்ண விளக்குகளும் அந்தப் பரம்பரைதான். விளக்கு எத்தனை நிறம் மாறினாலும் பிள்ளையின் பாடம் ஒரு விநாடியும் வேகமாக ஓடாது.

1995இல் இன்டெல் கம்பனி ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறையைக் கொண்டுவந்தது. அதன்படி தாய்ப்பலகை 305 மில்லிமீற்றருக்கு 244 மில்லிமீற்றர். திருகாணி எங்கே வரவேண்டும், பின்பக்கத் துவாரங்கள் எங்கே வரவேண்டும், மின்வழங்கி எந்த அளவு என்பதெல்லாம் பொதுவாக்கப்பட்டது. ஒரு கம்பனியின் பெட்டிக்குள் இன்னொரு கம்பனியின் பலகை சரியாக உட்காருவது இதனால்தான். முப்பது வருடம் தாண்டியும் இந்த அளவு மாறவில்லை. பெரிய பெட்டியின் உண்மையான நன்மை இங்கேதான் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

எது பெரிய பெட்டி? சாதாரணமாகப் பார்க்கும் நடுத்தர டவர் சுமார் 45 சென்ரிமீற்றர் உயரம். 55இலிருந்து 70 சென்ரிமீற்றர் வரை போனால் அது முழு டவர். 2018இல் கோர்செயார் கம்பனி ஒப்சிடியன் 1000டி என்று ஒரு பெட்டியை விட்டது. உயரம் 70 சென்ரிமீற்றருக்குக் கிட்ட, வெறும் பெட்டியே 30 கிலோவுக்குக் கிட்ட. ஒரே கூட்டுக்குள் இரண்டு கணனியை வைக்கலாம். பல தோட்டங்களில் ஒரு நாள் பெயருக்குக் கேட்கும் 18 கிலோ கொழுந்தை நினைத்துப் பாருங்கள். அதைவிடக் கனமான வெறுங்கூடு! இதெல்லாம் நமக்கு வேண்டாத ஆடம்பரம். ஆனாலும் உலகத்தில் இப்படியும் இருக்கிறது என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

முன்முகம்

முன்னால் பெரிய பட்டன் ஒன்று இருக்கும். பழைய பெட்டிகளில் அது மின்சாரத்தை நேரடியாக வெட்டும் சுவிச்சாக இருந்தது. ஏடிஎக்ஸ் வந்த பிறகு அது வெறும் மணிப் பட்டன் மாதிரி. அமத்தினால் "எழும்பு" அல்லது "தூங்கு" என்று தாய்ப்பலகைக்குச் சொல்லும், அவ்வளவுதான். கணனி நின்ற பிறகும் உள்ளே சிறிய மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். ஆகவே பட்டனை அமத்திவிட்டு "ஓஃப் பண்ணியாச்சு" என்று பெட்டிக்குள் கையை விடக்கூடாது. சுவரில் இருந்து பிளக்கைக் கழற்ற வேண்டும். கணனி உறைந்து நின்றுவிட்டால் அந்தப் பட்டனைச் சுமார் நாலு விநாடி அமத்திப் பிடித்தால் நிற்கும். அதை வழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள்.

பட்டனுக்குப் பக்கத்தில் இரண்டு சிறு விளக்கு. ஒன்று நிலையாக எரியும். மற்றது துடித்துத் துடித்து எரியும், அது தட்டு வேலை செய்வதைக் காட்டுவது. கடையில் நிற்கும்போது அந்தத் துடிப்பைக் கவனியுங்கள். ஒன்றும் செய்யாமல் பத்து நிமிஷம் நின்ற பிறகும் விடாமல் எரிந்துகொண்டே இருந்தால், "ஏன் இப்படி?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். தட்டு தேய்ந்திருக்கலாம், வைரஸ் இருக்கலாம்.

முன்னால் யுஎஸ்பி துவாரங்கள் இருக்கும். உள்ளே இருக்கும் நாக்கு நீல நிறமாக இருந்தால் அது பெரும்பாலும் யுஎஸ்பி 3. அந்த முறை 2008இல் வந்தது, சாதாரணக் கணனிகளில் 2012 அளவில்தான் பரவியது. ஒரு நீல நாக்குக்கூட முன்னாலும் பின்னாலும் இல்லையென்றால் கணனி அதற்கு முந்தியதாக இருக்க இடமுண்டு. ஆனால் முன்னால் நீலம் இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். புதுப் பெட்டிக்குள் பழைய பலகையைப் போட்டால், முன்னால் உள்ள நீல நாக்கின் வயர் உள்ளே எங்கும் செருகப்படாமல் சும்மா தொங்கும். ஒரு பென்டிரைவைக் கையோடு கொண்டுபோய் ஒவ்வொரு துவாரத்திலும் செருகிப் பாருங்கள். பலகையோடு சேர்ந்து வருவது பின்பக்கத் துவாரங்கள்தான், அவற்றைத்தான் அதிகம் நம்பலாம்.

காற்று போகும் வழி

பெக்டரியில் கொழுந்து வாட்டும் தொட்டியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு முனையில் பெரிய ஃபேன், கீழால் காற்றுப் போய், வலையின் மேல் பரப்பிய கொழுந்தைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். காற்று போகும் வழி அடைபட்டால் கொழுந்து அவிந்து கெட்டுப்போகும். கணனிப் பெட்டியும் அதே கதைதான். முன்னாலும் கீழாலும் குளிர்ந்த காற்று உள்ளே வரவேண்டும், பின்னாலும் மேலாலும் சூடான காற்று வெளியேற வேண்டும். பெரிய பெட்டிகளில் 120 அல்லது 140 மில்லிமீற்றர் ஃபேன்கள் இருக்கும். ஃபேன் எவ்வளவு பெரியதோ அவ்வளவு மெதுவாகச் சுற்றினாலும் போதிய காற்றைத் தள்ளும், சத்தமும் குறைவு.

முன்முகம் முழுவதும் கண்ணாடியோ பளபளக்கும் பிளாஸ்டிக்கோ போட்டு அடைத்த பெட்டிகள் கடையில் கண்ணைப் பறிக்கும். காற்று எங்கால் உள்ளே போகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். ஓரத்தில் ஒரு நூல் இடைவெளி மட்டும் இருந்தால் நாங்கள் அந்தப் பெட்டியை வேண்டாம் என்போம். வலைமுகம் போட்ட அழகில்லாத பெட்டிதான் நல்லது. வீட்டில் சோதிக்க ஒரு சுலப வழி இருக்கிறது. ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, அணைந்து புகை வரும்போது முன்முகத்துக்கு ஓரடி தள்ளிப் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட்டால் சரி. வெளியே தள்ளப்பட்டால் ஃபேனைத் திருப்பிப் பூட்டியிருக்கிறார்கள்.

வலைக்குப் பின்னால் மெல்லிய நைலோன் வடிகட்டி ஒன்று இருக்கும். பல பெட்டிகளில் கீழேயும் ஒன்று உண்டு, இழுப்பறை போல வெளியே வரும். இரண்டு கிழமைக்கு ஒரு முறை கழற்றித் தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்த பிறகு போட வேண்டும். நுவரெலியா மாதிரி 1,868 மீற்றர் உயரத்தில் மழைக்காலத்தில் நைலோன் காய ஒரு நாள் முழுக்க எடுக்கும், அவசரப்பட வேண்டாம்.

நமக்குத் தூசியைவிட ஈரம்தான் எதிரி. குளிர்ந்து கிடந்த பெட்டியை அடுப்படிச் சூட்டுக்குக் கொண்டுவந்து உடனே போட்டால், தகரத்தின் உட்புறம் வியர்த்து நீர்த்துளி நிற்கும். ஒரு மணித்தியாலம் சும்மா வைத்துவிட்டுப் போடுவது நல்லது.

இதற்கு நேர்மாறான இடம் யாழ்ப்பாணத்து நீர்வேலி. பருத்தித்துறை வீதியில் கோப்பாயைத் தாண்டினால் வரும் ஊர். செம்மண் பூமி, கிணற்றுத் தண்ணீரில் வாழைத் தோட்டம், வருடத்தில் பல மாதம் வெயில். போன வருடம் ஒரு கல்யாணத்துக்காக அங்கே போயிருந்தோம். நாம் தங்கிய வீட்டு விறாந்தையில் ஒரு முழு டவர் கணனி நின்றது. முன்வலையை விரலால் தொட்டால் குங்குமம் தொட்டது மாதிரிச் செம்மண் ஒட்டியது. கடலும் நீரேரியும் தூரமில்லாததால் பின்பக்கத் திருகாணிகளில் துரு ஏறியிருந்தது. ஒரே மாதிரிப் பெட்டி நுவரெலியாவில் வியர்க்கிறது, நீர்வேலியில் மண் தின்கிறது. வாங்கும்போது "எந்த ஊருக்கு?" என்று எந்தக் கடைக்காரரும் கேட்பதில்லை!

பின்பக்கமும் அந்தச் சிவப்புச் சுவிச்சும்

அந்த நீர்வேலிப் பெட்டிக்கு ஒரு கதை உண்டு. அதைக் கேட்ட பிறகுதான் இந்தப் பாடத்தை எழுதவே யோசித்தோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1990இலிருந்து பல வருடங்கள் மின்சாரம் இல்லை. லக்சபானாவிலிருந்து, அதாவது நம் மலையகத்துத் தண்ணீரில் பிறந்து, சுன்னாகம் வரை போன மின்சாரம் யுத்தத்தில் அறுந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட சனம் அது. யுத்தம் முடிந்து சில வருடங்களில் கிளிநொச்சி வழியாகச் சுன்னாகத்துக்குத் தேசிய மின்சாரம் மறுபடி போய்ச் சேர்ந்தது. அதோடு வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்குச் சாமான் அனுப்புவதும் கூடியது. நாம் சொன்ன பெட்டி கனடாவில் இருந்து கப்பலில் வந்தது. அந்த வீட்டு ஐயா சொன்னதை அப்படியே தருகிறோம்:

"தம்பி, பிளக்கைச் செருகிப் பட்டனை அமத்தினதுதான், டமார் எண்டு வெடிச்சுது. கனடாப் பெட்டி எண்டு பாக்க வந்த சனமெல்லாம் வெளியில ஓடிப்போச்சுது. கரியும் புகையும். நான் நினைச்சன், பிள்ளை அனுப்பின காசெல்லாம் போச்செண்டு."

நடந்தது இதுதான். பெட்டியின் பின்னால், மின்வயரைச் செருகும் துவாரத்துக்குப் பக்கத்தில், பல பழைய மின்வழங்கிகளில் ஒரு சின்னச் சிவப்புத் தள்ளுசுவிச் இருக்கும். ஒரு பக்கம் தள்ளினால் 115 என்று தெரியும், மறுபக்கம் தள்ளினால் 230 என்று தெரியும். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். ஆகவே அங்கே 115இல் வைத்திருப்பார்கள். நமது நாட்டில் 230 வோல்ட். 115இல் இருக்கும்போது உள்ளே உள்ள சுற்று வரும் மின்சாரத்தை இரட்டிப்பாக்கிக்கொள்ளும்படி அமைந்திருக்கிறது. 230ஐக் கொடுத்து அதையும் இரட்டிப்பாக்கினால் 650 வோல்ட் அளவுக்கு ஏறும். உள்ளே இருக்கும் இரண்டு பெரிய கொண்டென்சர்களும் தலைக்கு 200 வோல்ட் அளவைத் தாங்கவே செய்யப்பட்டவை. வெடிக்காமல் என்ன செய்யும்? இதையே மறுபுறமாகச் செய்தால், அதாவது 230இல் வைத்துக் கனடாவில் போட்டால், ஒன்றும் ஆகாது, கணனி எழும்பாது, அவ்வளவுதான்.

நல்ல காலம், அந்த வீட்டில் எரிந்தது மின்வழங்கி மட்டும். ஒரு திருத்துநர் வந்து அதைக் கழற்றிவிட்டு யாழ்ப்பாணத்தில் வாங்கிய வேறொன்றைப் பூட்டினார். இன்றைக்கும் பேரப்பிள்ளைகள் அதில்தான் படிக்கிறார்கள். கனடாவில் செய்த பெட்டிக்குள் யாழ்ப்பாணத்துக் கடையில் வாங்கிய மின்வழங்கி அச்சொட்டாக உட்கார்ந்தது எப்படி? மேலே சொன்ன ஏடிஎக்ஸ் அளவினால்தான்.

நமது தோட்டங்களிலும் இப்போது மத்திய கிழக்கு, கனடா, ஐரோப்பா என்று உறவுகள் இருக்கிறார்கள். வெளிநாட்டுக் கணனி கைக்கு வந்தால், திரையைப் பார்ப்பதற்கு முன் பின்பக்கத்தைப் பாருங்கள். சிவப்புச் சுவிச் இருந்தால் அது 230இல் நிற்க வேண்டும். சுவிச்சே இல்லாமல், ஸ்டிக்கரில் 100–240 என்று எழுதியிருந்தால் அது எந்த நாட்டு மின்சாரத்தையும் தானே சமாளிக்கும். சுவிச்சும் இல்லை, 115 அல்லது 120 என்று மட்டும் எழுதியிருக்கிறது என்றால் செருகவே வேண்டாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், 230இல் தள்ளிவிட்டு அந்தச் சிவப்புச் சுவிச்சின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். நிறமான பட்டனைக் கண்டால் குழந்தைகள் கை சும்மா இருக்காது.

அதே இடத்தில் I, O என்று எழுதிய இன்னொரு சுவிச்சும் இருக்கலாம். I என்றால் மின்சாரம் உள்ளே, O என்றால் வெட்டு. கணனி செத்துவிட்டது என்று டவுன் வரை தூக்கிப் போய், கடையில் இந்தச் சுவிச்சைத் தட்டியதும் உயிர் வந்த கதைகள் உண்டு.

தொட்டால் சுள்ளென்கிறதா?

இதைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள், உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம். பெட்டியின் தகரத்தை வெறுங்காலோடு தொட்டால் எறும்பு கடித்த மாதிரிச் சுள்ளென்று ஒரு உணர்ச்சி வருவதாகச் சிலர் எம்மிடம் சொல்லியிருக்கிறார்கள். "பழகிப்போச்சுங்க, ஒன்னும் செய்யாது" என்றும் சொல்கிறார்கள். அப்படிப் பழகக்கூடாது.

கணனியின் மின்வழங்கிக்குள் மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கொண்டென்சர்கள் இருக்கின்றன. அவற்றின் வழியாக மிகச் சிறிய அளவு மின்சாரம் பெட்டியின் தகரத்துக்குக் கசியும். இது வழமை, பழுது அல்ல. பிளக்கில் மூன்றாவது முள் இருக்கிறதே, அந்த எர்த், அதன் வழியாக இந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விட வேண்டும். எர்த் இல்லையென்றால் தகரத்தில் 230இல் பாதி, அதாவது 115 வோல்ட் அளவு நிற்கும். ஓடக்கூடிய மின்சாரம் மிகக் குறைவு என்பதால்தான் சுள்ளென்பதோடு போகிறது. ஆனால் அது சொல்லும் சேதி பெரியது: "இந்த வீட்டில் எர்த் இல்லை." நாளைக்கு உள்ளே ஒரு லைன் வயர் தேய்ந்து தகரத்தில் முட்டினால் முழு 230உம் பெட்டி மேல் ஏறி நிற்கும். அப்போது சுள்ளென்று கடிக்காது, ஆளையே பிடித்துக்கொள்ளும்.

பழைய லயங்களில் ஒரு காம்பிராவில் இருந்து அடுத்த காம்பிராவுக்கு இரண்டு வயரை மட்டும் இழுத்து மின்சாரம் எடுத்திருப்பதை நாம் நிறையப் பார்க்கிறோம். பிளக் பொயின்டில் மூன்று ஓட்டை இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. வெளிநாட்டுப் பெட்டியோடு வரும் தட்டை முள் பிளக்கை நமது பொயின்டில் செருகுவதற்குக் கடையில் ஒரு மாற்றி விற்பார்கள். அவற்றில் பலவற்றுக்கு எர்த் தொடுப்பே இல்லை. நீர்வேலி வீட்டிலும் முதலில் அதைத்தான் போட்டிருந்தார்கள். மாற்றியே தேவையில்லை. பெட்டிப் பக்கம் செருகும் வயர் உலகமெங்கும் ஒரே மாதிரி. நமது மூன்று முள் பிளக் உள்ள வயரை, இப்போது கடைகளில் வரும் 13 அம்பியர் சதுர முள் உள்ளதை, தனியாகவே வாங்கலாம். கணனி வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே இல்லை.

கணனி வைக்கப்போகும் பொயின்டுக்கு எர்த் இருக்கிறதா, 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்று தகுதியுள்ள மின்னிணைப்பாளர் ஒருவரைக் கொண்டு பார்த்துவிட்டுத்தான் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ட்ரிப் சுவிச்சில் "டெஸ்ட்" என்று ஒரு பட்டன் உண்டு. மாதம் ஒரு தடவை அமத்தினால் டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது சுவரில் ஒட்டிய அலங்காரம்.

சித்திரை மாதத்திலும், ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேர இடி முழங்கும்போது பிளக்கைக் கழற்றி வையுங்கள். முன் பட்டனை அமத்துவது இடிக்குக் காவல் இல்லை.

தகரமும் கண்ணாடியும்

பெட்டிகள் பெரும்பாலும் நாகம் பூசிய உருக்குத் தகடு. விலை குறைந்ததில் தகடு அரை மில்லிமீற்றர், நல்லதில் 0.8, ஒரு மில்லிமீற்றர் வரையும் வரும். தாய்வானின் லியன் லி போன்ற கம்பனிகள் அலுமினியத்திலும் செய்தன. பக்கத் தகட்டின் நடுவில் கட்டை விரலால் அமத்திப் பாருங்கள். டின் மூடி மாதிரி உள்ளே போய் வந்தால் மெல்லிசு. மெல்லிசுத் தகடு ஃபேன் சுற்றும்போது இரையும், விளிம்பு கையை வெட்டும்.

சுமார் 2016இலிருந்து பக்கத்தில் கண்ணாடி வைப்பது பரவியது. இது வதக்கி உறுதிப்படுத்திய கண்ணாடி. நடுவில் தட்டினால் லேசில் உடையாது. ஆனால் ஓரம் சீமெந்துத் தரையிலோ டைல்ஸிலோ ஒரு முறை குத்துப்பட்டால் முழுதும் கற்கண்டுத் துண்டுகளாகக் கொட்டும். கழற்றினால் மெத்தையில் படுக்க வையுங்கள். நிலத்தில் நிமிர்த்தி வைக்கக்கூடாது. நம் வீடுகளில் ஓடித் திரியும் பிள்ளைகள், கோழிகள், விறகுக் கட்டு எல்லாம் இருக்கும்போது கண்ணாடிப் பெட்டி எதற்கு என்பதுதான் எம் அபிப்பிராயம்.

பின்னால் குறுக்காக நீண்ட ஓட்டைகள் வரிசையாக இருக்கும். பிள்ளைகளுக்கு ஒரு வேலை: அவற்றை எண்ணிப் பாருங்கள். ஏழு இருந்தால் ஏடிஎக்ஸ் அளவுப் பெட்டி, நாலு இருந்தால் சிறிய ரகம், எட்டுக்கு மேல் இருந்தால் முழு டவர். ஒவ்வொன்றிலும் ஒரு தகட்டு மூடி இருக்க வேண்டும். பழைய கணனிகளில் பாதி மூடி காணாமல் போயிருக்கும். அதால் பல்லியும் கரப்பானும் சூட்டுக்காக உள்ளே புகும். பலகையின் மேல் பல்லி செத்துக் கிடந்தால் கணனியும் சேர்ந்து சாகலாம். மூடி கிடைக்காவிட்டால் தடித்த அட்டையை வெட்டி அடைத்தாலும் பரவாயில்லை, ஆனால் வலை போட்ட காற்றுத் துவாரங்களை அடைத்துவிடாதீர்கள்.

துவாரங்களின் நிறங்களையும் பிள்ளைகள் மனப்பாடம் செய்யலாம். ஊதா கீபோர்டுக்கு, அதே மாதிரி வட்டமான பச்சை மவுசுக்கு. சிறிய ஓட்டைகளில் இளம்பச்சை ஸ்பீக்கருக்கு, ரோசா மைக்குக்கு, வெளிர் நீலம் வெளியிலிருந்து வரும் ஒலிக்கு. திரை வயரைச் செருக மேலே ஒரு இடமும், கீழே அந்த நீண்ட ஓட்டை வரிசையில் இன்னொரு இடமும் இருந்தால் கீழே உள்ளதில் செருகுங்கள். தனியான படக்கார்ட் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். மேலே செருகினால் பல கணனிகளில் திரை இருட்டாகவே நிற்கும்.

அப்படியானால் எதை எடுப்பது?

வெளியே ஒட்டிய ஸ்டிக்கரை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஐ5, ஐ7 ஸ்டிக்கர்களைத் தாளாகவே வாங்கலாம், யாரும் ஒட்டலாம். கணனியைப் போடச் சொல்லி, திரையிலே எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் கம்பனி 2025 ஒக்டோபர் 14இல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஓட, இன்டெல் சில்லு எட்டாம் தலைமுறையாகவாவது இருக்க வேண்டும், அது 2017இன் பிற்பகுதியில் வந்தது. பெரிய பளபளக்கும் பெட்டிக்குள் மூன்றாம் தலைமுறையும் இருக்கலாம், கந்தோரில் இருந்து கழித்த சின்னப் பெட்டிக்குள் எட்டாம் தலைமுறையும் இருக்கலாம்.

பாடம் படிக்க மட்டும் என்றால் நாங்கள் அந்தச் சின்னதைத்தான் எடுப்போம். இடம் குறைவு, மின்சாரமும் பொதுவாகக் குறைவு. ஆனால் ஒன்று. சின்னக் கந்தோர்ப் பெட்டிகள் பலவற்றில் மின்வழங்கி அந்தக் கம்பனிக்கே உரிய வடிவம். பழுதானால் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ உடனே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பெரிய ஏடிஎக்ஸ் பெட்டியில் எது போனாலும் எந்தக் கடையிலும் மாற்று உண்டு, கையை விட்டு வேலை செய்யவும் இடம் உண்டு. கணனி திருத்தப் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கும், நாலு குடும்பம் சேர்ந்து வாங்குவதற்கும், தோட்ட நிலையத்துக்கும் பெரியதுதான் ஏற்றது. பொது இடத்தில் வைப்பதானால் பின்பக்கத்தில் ஆமைப்பூட்டுப் போட ஒரு வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். பூட்டாத பெட்டியில் முதலில் காணாமல் போவது ரெம் பலகை, வெளியே பார்த்தால் தெரியவும் தெரியாது.

வீட்டில் நிலத்தில் நேரடியாக வைக்க வேண்டாம். மழைக்காலத்தில் லயத்துத் தரை வியர்க்கும். நாலு அங்குல உயரத்தில் ஒரு பலகை போட்டு, அடியில் உள்ள ரப்பர் கால்கள் முழுதாகப் பலகையில் இருக்கும்படி வையுங்கள். மின்வழங்கி கீழே இருக்கும் பெட்டிகள் அடியால்தான் மூச்சு விடும், ஆகவே பலகை மேல் சாக்கோ துணியோ விரிக்கக்கூடாது. பின்பக்கத்துக்கும் சுவருக்கும் ஒரு சாண் இடைவெளி வேண்டும்.

டவுனில் இருந்து கொண்டுவரும்போது பஸ்ஸில் நிமிர்த்தி வைத்தால் வளைவுக்கு வளைவு சாயும். தாய்ப்பலகை கீழே வரும்படி, அதாவது கழற்றும் பக்கம் மேலே பார்க்கும்படி படுக்க வைத்து, அடியில் ஒரு மடித்த சாரம் போடுங்கள். கண்ணாடிப் பக்கம் இருந்தால் அதுவும் மேலே இருக்கட்டும், அதன்மேல் வேறு பாரம் வைக்க விடாதீர்கள். கடைக்காரரிடம் கேட்டு அட்டைப் பெட்டியோடு வாங்குவது இன்னும் நல்லது. வீட்டுக்கு வந்ததும் நிமிர்த்தி வைத்து, சிவப்புச் சுவிச்சை ஒரு முறை பார்த்துவிட்டு, ஒரு மணித்தியாலம் கழித்து பிளக்கைச் செருகுங்கள்.